ஒரே வீட்டில் வளர்ந்த மாப்பிள்ளை

1

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பாயசம். தணிகை இந்த மலேசிய மண்ணில் வந்து இறங்கிய தேதி அது. இருபது வருஷமாக அந்தத் தேதி வந்தால் என் மனைவி சரோஜா அடுப்பில் பாலை ஏற்றிவிடுவாள். தணிகை என் அக்கா மகன். நாலு வயதில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கப்பலைவிட்டு இறங்கியவன், இப்போது எங்கள் வாசலில் குனிந்து நுழையும் உயரத்துக்கு வளர்ந்து மின்சார இலாகாவில் வேலை பார்க்கிறான். பாயசத்தில் முந்திரி எங்கே என்று சரோஜாவிடம் சண்டைக்கும் நிற்கிறான்.

மற்ற வருஷங்களில் அந்தப் பாயசம் எனக்குச் சரியாக இறங்காது. இந்த வருஷம் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன். சரோஜா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சர்க்கரை வியாதிக்காரரு மாதிரியா குடிக்கறீங்க?" என்றாள். குடிக்கத்தான் செய்வேன். எனக்கு அவ்வளவு பெரிய பாரம் இறங்கியிருக்கிறது.

விஷயம் இதுதான். தணிகைக்கு என் மகள் மல்லிகாவைக் கட்டித்தருவதாகத் திருப்பதி மலைமேல் நின்று நான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தை மாதம் அக்கா தேதி கேட்டுக் கடிதம் எழுதினாள். அது நடக்காது என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. நடக்காது என்று சொன்னால் அக்கா எனக்கு இல்லை என்றும் நினைத்தேன். அம்மா, நைனா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மண்ணில் எனக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். அவளை இழந்தால் நான் யாருக்குக் கடிதம் எழுதுவது?

ஊரில் இருக்கும் நீங்கள் எல்லாரும் மாமன் மகள், அத்தை மகன் என்ற முறையோடுதான் வளர்ந்திருப்பீர்கள். அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

2

நான் சித்தூர் ஜில்லாவில், திருத்தணிக்குப் பக்கத்திலுள்ள நகரி ஊர்க்காரன். நைனா தறி நெய்தவர். பதினெட்டு வயதில் நான் மலேயாவுக்கு வந்துவிட்டேன். கல்யாணம் ஆகி, மல்லிகாவுக்கு இரண்டு வயதானபோது, முதல்முறையாகக் குடும்பத்தோடு ஊருக்குப் போனேன். ஆந்திர மாநிலம் பிரிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எல்லைக்கோடு எங்கே விழும் என்பது யாருக்கும் தெரியாத நேரம்.

நான் ஊரைவிட்டுப் போனபோது எங்கள் தெருவில் தமிழன் யார், தெலுங்கன் யார் என்று எவனும் பிரித்துப் பார்த்ததில்லை. தறிக்குழியில் உட்கார்ந்துகொண்டு தமிழில் ஆரம்பித்த பேச்சைத் தெலுங்கில் முடிப்போம். திரும்பிப் போய்ப் பார்த்தால், டீக்கடையில் இருந்த இரண்டு பெஞ்சும் இரண்டு கட்சியாகியிருந்தன. இந்தப் பெஞ்சில் திருத்தணி எங்களுக்கு என்றார்கள். அந்தப் பெஞ்சில் அதெல்லாம் முடியாது என்றார்கள். எல்லாம் சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் குளத்தில் குதித்த ஆட்கள். நான் தெரியாமல் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேனோ, அந்தக் கட்சிக்காரனாகவே என்னையும் ஒரு வாரம் நடத்தினார்கள்.

மனிதன் எவ்வளவு சீக்கிரம் 'நம்மாள்', 'அவனாள்' என்று பிரிந்து நிற்கிறான் என்று அன்று ஆச்சரியமாக இருந்தது. பிரிந்து நின்றதும் பயம் வருகிறது. பயம் வந்ததும் ரத்த உறவைப் போய் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். அந்த ஒரு வருஷத்தில் எங்கள் தெருவில் நடந்த கல்யாணம் எல்லாமே சொந்தத்துக்குள் நடந்தது. திருத்தணிப் பக்கம் பெண் கொடுத்தவன் அங்கிருந்தே பெண் எடுத்தான். கோடு எங்கே விழுந்தாலும் உறவு அறுந்துவிடக் கூடாது என்ற தவிப்புதான்.

அக்கா பாக்கியம் திருத்தணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் வந்திருப்பது தெரிந்து மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தம்பி, சேதி கேட்டியா? எங்க ஊரு அந்தாண்டயாம், நகரி இந்தாண்டயாம். நடுவுல கேட்டு போடப்போறாங்களாம். சீட்டு வாங்கிக்கினுதான் வரணுமாம்."

"யாருக்கா சொன்னது?"

"ஊரே சொல்லிக்கினு கீது. நீ கடலுக்கு அந்தாண்ட போய்ட்ட. நைனாவும் அம்மாவும் எத்தினி நாளைக்கி? அவங்களும் போய்ட்டா எனக்கு ஏதுடா பொறந்த ஊடு?"

அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. கண் கலங்கி நின்றது இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மல்லிகா பிறந்தபோதே சரோஜாவுக்கு இனிக் குழந்தை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கோ மூன்றும் ஆண். கடைக்குட்டி தணிகாசலத்துக்கு மொட்டை போட நாங்கள் எல்லாரும் திருப்பதிக்குப் போனோம். மலைமேல் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அவன் மல்லிகாவின் பொரியைப் பிடுங்கித் தின்றான். அவள் அவன் மொட்டையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஜோடிப் பொருத்தம் இப்பவே தெரியுது என்று யாரோ சொன்னார்கள். அக்காவும் நானும் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

மாப்பிள்ளையைப் பெண் வீட்டோடு வைத்துக்கொள்வதை எங்கள் பக்கம் இல்லரிகம் என்போம். தெலுங்கு வார்த்தை, ஆனால் தமிழ் வீடுகளிலும் அதுதான் பேச்சு. பொதுவாகக் கல்யாணத்துக்கு அப்புறம் நடப்பது. அக்காவுக்கு அந்த எல்லைப் பயத்தில் அதுவரை காத்திருக்கத் தெம்பில்லை.

"இப்பவே இட்டுக்கினு போய்டு தம்பி. உன் ஊட்லயே வளரட்டும். உன் பழக்கவழக்கம் எல்லாம் தெரிஞ்ச மாப்ளயா ஆவான். நாளைக்கி கேட்டு போட்டாலும் சரி, கோட்டை கட்னாலும் சரி, நம்ம ரெண்டு ஊடும் வுட்டுப்போகாது."

எனக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. நாங்கள் செய்த தப்பு அதுதான். ஆனால் அன்று அதைப் போல புத்திசாலித்தனமான காரியம் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தோம்.

3

மனைவி, பிள்ளை என்றால் கூட்டி வரலாம். அக்கா மகன் என்றால் அதற்குப் படிவமே கிடையாது. மலேயாவில் நான் வேலை பார்த்த இடத்தின் கிராணி, அதாவது குமாஸ்தா, ஊருக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் இதை முன்பே சொல்லித்தான் அனுப்புவார்.

சான்றிதழுக்காகச் சித்தூரில் ஓர் அலுவலகத்துக்குப் பையனோடு போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் மூக்கும் அவன் மூக்கும் ஒன்றாக இருப்பதையும் பார்த்தார்.

"கொடுகா, மேனல்லுடா?" என்று கேட்டார். மகனா, அக்கா மகனா?

"கொடுகே சார்," என்றேன். மகன்தான்.

பக்கத்தில் நின்ற பையன் "மாமா, மூத்திரம் வருது" என்றான். பெரியவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். பேனாவை மூடிவைத்துவிட்டு, முதலில் அவனை வெளியே கூட்டிப் போய் வா என்று சொன்னார். திரும்பி வந்தபோது தாளில் மகன் என்றே எழுதியிருந்தது. அந்தப் பொய் முழுக்க என்னுடையது. அவர் பேரில் தப்பில்லை.

கப்பலில் மூன்று நாள் அவன் அம்மா அம்மா என்று அழுதான். சோறு தின்னவில்லை. நாலாம் நாள் மல்லிகா தான் கடித்து எச்சிலாக்கிய பிஸ்கட்டை எடுத்து அவன் வாயில் திணித்தாள். தின்றான். அதற்கப்புறம் பினாங்கு வரும்வரை இரண்டும் ஒரே போர்வைக்குள் கிடந்தன. இனிப் பையன் பிழைத்துக்கொள்வான் என்று எனக்கு நிம்மதி வந்தது.

4

பையன் பிழைத்துக்கொண்டான். கொஞ்சம் அதிகமாகவே எங்கள் வீட்டுப் பிள்ளையானான்.

இரண்டு வருஷத்துக்குள் மாமா போய் நைனா வந்துவிட்டது. மல்லிகா என்னை நைனா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவனும் ஆரம்பித்தான். திருத்தியிருக்க வேண்டும். எனக்கு ஆண் பிள்ளை இல்லாத குறை. காதுக்கு இனிப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். சரோஜாதான் முணுமுணுத்தாள்.

"இதெல்லாம் எங்க போய் முடியப்போவுதோ. ஒரே சோப்புல குளிக்குதுங்க, ஒரே தட்டுல துன்னுதுங்க."

"சின்னப் பசங்கதானே, பெருசானா தானே சரியாயிடும்," என்பேன்.

எங்கே சரியானது? இரண்டுக்கும் ஒன்றாக அம்மை போட்டது. அவளுக்குத் தலையில் பேன் என்றால் அவன்தான் சீப்பை எடுத்துக்கொண்டு உட்காருவான். எடுத்த ஒவ்வொரு பேனையும் அவள் முகத்துக்கு நேரே காட்டி அழவைப்பான். பள்ளிக்கூடத்தில் அவளை எவனோ தள்ளிவிட்டான் என்று தணிகை போய் அவன் பல்லைப் பெயர்த்துவிட்டு வந்தான். தலைமையாசிரியர் முன்னால் நான்தான் போய்க் கைகட்டி நின்றேன். என் நகரித் தமிழ் இந்த நாட்டில் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. 'துன்னியா' என்றால் சிரிப்பார்கள். அந்த இரண்டும் வீட்டுக்குள் நகரித் தமிழ், வெளியே மலாய், சண்டைக்கு இங்கிலீஷ் என்று வைத்துக்கொண்டன. தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. ஊரைப் பற்றிச் சொன்னால் கதை கேட்பது போலக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

இதற்கு நடுவில் எல்லைத் தகராறும் தீர்ந்தது. நைனா கடிதம் போட்டிருந்தார். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விட்டது, நகரி இங்கேயே நின்றுவிட்டது, கேட்டும் இல்லை சீட்டும் இல்லை, ரோட்டோரம் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள், அக்கா நேற்றுக்கூட வந்து கத்தரிக்காய் பறித்துக்கொண்டு போனாள் என்று எழுதியிருந்தார். எதற்குப் பயந்து பையனைப் பிரித்தோமோ அது வரவே இல்லை. கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

5

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடந்த பத்து வருஷமாக ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் குரங்குகளைப் பராமரிக்கிறேன். காலை ஆறரைக்குப் போய்ப் பப்பாளி, வாழை, வேகவைத்த கிழங்கு எல்லாம் வெட்டி வாளியில் போட்டுக்கொண்டு கூண்டுகூண்டாகச் சுற்றுவேன். நெசவாளி மகன் குரங்குக்கு ஊட்டுகிறான் என்று ஊரில் சிரிப்பார்கள் என்பதால் வெகுநாள் இதை யாருக்கும் எழுதவில்லை.

அங்கே வாலில்லாத, நீளக் கையுள்ள ஒரு ஜாதி உண்டு. கிப்பன் என்பார்கள். மரம் வெட்டுகிறவர்களிடமிருந்து இரண்டு குட்டிகளை மீட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்று ஆண், ஒன்று பெண், வேறு வேறு தாய்க்குப் பிறந்தவை. ஒரே கூண்டில் போட்டு நான்தான் புட்டிப் பால் கொடுத்து வளர்த்தேன். பெரிதாகி இவை குட்டி போடும் என்று எல்லாரும் காத்திருந்தோம். ஜோடி சேர்ந்த கிப்பன்கள் விடியற்காலையில் சேர்ந்து பாட்டுப் போல ஒரு கூச்சல் போடும். அரை மைலுக்குக் கேட்கும். இவை இரண்டும் வாயே திறக்கவில்லை. ஒன்றின் முதுகை ஒன்று சொறியும், பழத்துக்கு அடித்துக்கொள்ளும், கட்டிக்கொண்டு தூங்கும். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

எங்கள் மருத்துவர் லிம் என்ற சீனப் பெண்மணி. போன வருஷம் ஒருநாள் அவர் சொன்னார்: "மணி, இதுகளைப் பிரித்துவிடலாம். குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்ததுகள். ஒன்றையொன்று உடன்பிறப்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டன."

"வேற வேற தாய்க்குப் பொறந்ததுங்க தானே டாக்டர்?"

"அது எனக்கும் உனக்கும் தெரியும். அவற்றுக்கு எப்படித் தெரியும்? நமக்கு எழுத்தும் பதிவேடும் வருவதற்கு எத்தனையோ லட்சம் வருஷம் முன்னாலிருந்தே உடம்பு ஒரே ஒரு அடையாளத்தைத்தான் பார்க்கிறது. சின்னதில் கூடவே யார் கிடந்தார்கள்? அவர்கள்மேல் ஆசை வராது, பாசம்தான் வரும். உடன்பிறந்தவர்கள் சேர்ந்தால் பிறக்கும் குட்டிகள் நலிந்துபோகும், அதனால் இப்படி ஒரு தடுப்பு உண்டாகியிருக்கிறது. மனிதர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் என்கிறார்கள்."

வாளியைக் கீழே வைத்துவிட்டேன். பழம் வெட்டும் கத்தியைக்கூட அன்று நினைவில்லாமல் என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விட்டேன்.

மறுவாரம் வேறு ஓரிடத்திலிருந்து ஓர் ஆண் கிப்பனைக் கொண்டுவந்து பக்கத்துக் கூண்டில் விட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் எங்கள் பெண் கிப்பன் கூரையே அதிரும்படி பாடியது.

அதற்கப்புறம் நான் நிறைய யோசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், என் யோசனைக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நம் ஊரில் மாமன் மகளைக் கட்டியவர்கள் எத்தனையோ பேர் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள்? அவர்கள் வேறு வேறு ஊரில் வளர்ந்தவர்கள். ஜாத்திரைக்கு வந்தால் பார்ப்பார்கள். பெண் பெரியவளானால் முறைமாமன் வரும்போது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அந்த ஒளிதலையும் வெட்கத்தையும் சும்மா சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். அந்தத் தூரம் இருந்ததால்தான் அந்த முறையே ஓடியிருக்கிறது. உறவு நெருங்கவும் வேண்டும், ரொம்பவும் நெருங்கிவிடக் கூடாது. அந்த நிதானத்தை நம் முன்னோர் வழக்கமாக வைத்திருந்தார்கள். நானும் அக்காவும் உறவை மட்டும் பிடித்துக்கொண்டு தூரத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம்.

6

தை மாதம் கடிதம் வந்தது. "வைகாசியில் முகூர்த்தம் பார்க்கட்டுமா? மாமா இருந்திருந்தால் அவரே கேட்டிருப்பார். தேதி எழுது." மாமா என்றது அக்காவின் கணவரை. அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் நானே படித்துக்காட்டினேன். மல்லிகா முதலில் சிரித்தாள். சின்ன வயதிலிருந்து சொந்தக்காரர்கள் செய்யும் கேலிதான் என்று நினைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து பின்பக்கம் போய்ச் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்து சொன்னாள்: "அவன் எனக்கு அண்ணன் நைனா. முறை என்னவா வேணா இருக்கட்டும். எனக்கு அவன் அண்ணன். நீங்க யாரைச் சொன்னாலும் கட்டிக்கறேன், இவன் வேணாம்."

தணிகை தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவனும் மாட்டேன் என்றிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் சன்னமான குரலில் பேசினான்.

"அம்மா என்னைக் கொடுத்ததே இதுக்குத்தானே நைனா? நீங்க சொன்னா நான் கட்டிக்கறேன். ஆனா கட்டிக்கிட்டா அப்புறம் நான் இந்த வீட்டுக்குள்ள மல்லி முகத்தைப் பார்த்துப் பேச முடியாது."

அவன் கட்டியிருப்பான். அதுதான் என்னைக் கொன்றது. ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பிள்ளைகளும் அழிந்துபோகும், சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பிள்ளைகளை விடக்கூடாது என்று. ஆனால் அதை எழுதத்தான் முடியவில்லை. ஐந்து தாள் கிழித்தேன். ஒரு தாளில் கிப்பன் கதையைக்கூட எழுதிப் பார்த்தேன். உன் மகனும் என் மகளும் குரங்கு மாதிரி என்று எந்த அக்காவுக்கு எழுதுவது? சரோஜா அதை வாங்கிப் படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

"எழுதாதீங்க. நேர்ல போங்க. திட்னா வாங்கிக்கினு வாங்க," என்றாள்.

7

மாசிக் கடைசியில் போனேன். திருத்தணியில் இறங்கும்போது நடத்துநரிடம் பழக்கதோஷத்தில் 'தெரிமா காசி' என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டேன். காசிக்குப் போகிற பஸ் இது இல்லை என்றார் அவர். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அக்கா வாசலில் சாக்கு விரித்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து என் கன்னத்தைத் தடவினாள். "இளைச்சிட்டடா" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மல்லிகாவுக்கென்று எடுத்துவைத்திருந்த அரக்குப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இருந்தாலும் சொன்னேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மல்லிகா வாந்தி எடுத்ததை, தணிகை சம்மதித்ததை, அவன் முகம் இருந்த விதத்தை. கிப்பனையும் சொல்லித் தொலைத்தேன்.

அக்கா கையிலிருந்த கடலையைச் சாக்கில் போட்டாள்.

"மெய்யாலுமா மாட்டேன்னுச்சி மல்லி?"

"மெய்யாலுமேக்கா. என்னை மன்னிச்சுடு."

"அப்பாடி," என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாடா பாக்குற? நீ மலைமேல வாக்கு குட்த்தவன். என் புள்ளய இருவது வருசம் சோறு போட்டு வளத்தவன். நானா வந்து வோணாம்னா, நம்ம பொண்ண அக்கா ஒதுக்கிட்டாளேன்னு நீ ஒடஞ்சி பூடுவியேன்னு பயந்துக்கினு இருந்தேன். அதான் தேதி கேட்டு எழுதுனேன். எழுதிட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல."

"உனக்கு இஷ்டமில்லயா அப்ப?"

"நீ அனுப்புன போட்டாவெல்லாம் பாத்துக்கினுதான வரேன்? அதுங்க நிக்கிறத பாத்தா தெரியாதா எனக்கு?"

"பின்ன ஏன்க்கா அன்னிக்கு நீயே பையன இட்டுக்கினு போவச் சொன்ன?"

"அன்னிக்கு எனக்குப் பொறந்த ஊடு பூடுமேன்னு பயம். பயத்துல எதுடா நெனப்புக்கு வரும்?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து அந்தப் பிள்ளைகளைப் பலி கொடுக்க இருந்தோம் என்பதை நினைத்துச் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்கு அப்புறம் நான் வயிறு குலுங்கச் சிரித்தேன் என்று தெரியவில்லை. குரங்கு மேய்க்கிற வேலையிலும் ஒரு பிரயோஜனம் இருக்கிறது பார் என்று அவள் என்னைக் கேலி செய்தாள்.

பிறகுதான் கேட்டேன், போட்டோவைப் பார்த்தே எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது என்று.

இதை உங்களுக்கு நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவு சாதாரணமாக அதை எடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் வேறு யாரும் இல்லை, எங்கள் அம்மாவின் கடைசித் தம்பி துரை. தாய் தகப்பன் சின்னதிலேயே போய்விட்டதால் அம்மா அவரை நகரிக்குக் கூட்டிவந்து வளர்த்தாள். அக்கா பிறந்தபோது அவருக்குப் பத்து வயது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியவர் அவர்தான். அக்காவுக்குப் பதினைந்து வயதானதும் அவருக்கே கட்டிவைத்தார்கள். முறைதானே? கல்யாணம் ஆனதும் அவர் தன் பங்கு நிலத்துக்கு, இந்தக் கிராமத்துக்கு வந்துவிட்டார். கிப்பனைப் பற்றி ஒரு வருஷம் யோசித்த எனக்கு, என் கூடப் பிறந்தவளைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கத் தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா கடலைத் தோலை முந்தானையிலிருந்து உதறிவிட்டுச் சொன்னாள்:

"அவரு நல்ல மனுசன்டா. ஒரு நாளு கை நீட்டுனதில்ல, ஒரு வார்த்த தப்பா பேசுனதில்ல. நான் நடக்கக் கத்துக்கினதே அவரு வெரலப் புட்சிக்கினுதான். ஒரு நாளு காலையில, இவருதான் உம் புருசன்னாங்க. யாரு என்னைக் கேட்டாங்க? மாட்டேன்னா அம்மா ஊடு பூடுமேன்னு நானும் வாயத் தெறக்கல. அவருக்கும் அப்டித்தான் இருந்திச்சின்னு எனக்குத் தெரியும். மூணு புள்ள பெத்தோம், ஒருத்தர ஒருத்தர் நோவாம காலத்தத் தள்ளுனோம். அவரு போன அன்னிக்கு உருண்டு அழுதேன். புருசன் போய்ட்டான்னு அழுவுறான்னு ஊரு நெனச்சிக்கிச்சி. எங்க அண்ணன் போய்ட்டான்னு அழுதேன்டா நான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. என் மடியிலிருந்த பட்டை எடுத்து நீவி மடித்து, என் பைக்குள் தானே வைத்தாள்.

"இத மல்லிகிட்ட குடு. வேற மாப்ள பாத்து, இதக் கட்டிக்கினு கல்யாணம் பண்ணச் சொல்லு. மணையில பக்கத்துல, கூடப் பொறந்தவன் மொறைக்கி பொரி போட தணிகைய நிக்கச் சொல்லு. எனக்குத்தான் அவர அண்ணன்னு கூப்புடக் குட்த்து வெக்கல. அவளாச்சும் வாய் நெறைய கூப்புடட்டும்."